ராகுகாலத்தில் நட்ட கல்

என் பெரியம்மையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவளைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். அடங்கின மனுஷி என்றார் ஒருவர். இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவள் என்றார் இன்னொருவர். அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை என்றும் ஒரு பேச்சு வந்தது. செத்தவர்களை எல்லோருமே இப்படித்தான் சின்னதாக மடித்து வைக்கிறார்கள். நான் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவள் பெயர் சிவகாமியம்மாள். என் அம்மாவின் அக்கா. என்னை வளர்த்தவள் அவள்தான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு அரிசியும் மிளகாயும் விற்கும் மொத்தக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் தலைவர் அவளுடைய அண்ணன் திரவியம் பிள்ளை, என் மாமா.

நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்களில் பெண்வழிதான் வழி. கட்டிக் கொடுத்த பெண்ணும் அவள் பிள்ளைகளும் பிறந்த வீட்டுக்கே சொந்தம். அவள் செத்தால் அது எங்கள் வீட்டுச் சாவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், பாண்டி நாட்டில், அப்படியில்லை. தாலி ஏறிய அன்றே பெண் புருஷன் வீட்டுப் பொருள். அதனால் எங்கள் ஆட்கள் கணவாய் தாண்டிப் பெண் கொடுப்பது குறைவு. மாமா கொடுத்தார். பணகுடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து கடைக்கு மிளகாய் அனுப்பிக்கொண்டிருந்தவரின் மகன் அழகியநம்பிக்கு, பெரியம்மையின் ஒரே மகள் சரோஜத்தைக் கட்டிவைத்தார். பெரியம்மை அப்போதே தாலி இழந்தவள். அவளை யாரும் கேட்கவில்லை.

அழகியநம்பியின் அப்பாவைச் சம்பந்தியார் என்றே எங்கள் வீட்டில் சொல்வார்கள். பஞ்சாங்கம் பார்க்காமல் அவர் தும்மவும் மாட்டார். கல்யாணத்தன்று பெண்வீட்டார் கொடுத்த மோர்த் தம்ளரை ராகுகாலம் முடியும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்கு எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டாம் ஆண்டு மார்கழியில் சுசீந்திரம் தேருக்குப் பெரியம்மை போயிருந்தாள். சரோஜமும் புருஷனோடு வந்திருந்தாள். தேர் அசைந்து கூட்டம் நெருக்கிய சமயம் பார்த்து, சரோஜம் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"நாலு மாசம்மா. யாருட்டயும் சொல்லீராதே. மாமனாரு வளைகாப்புக்கு நாள் குறிச்ச பிறவுதான் வெளிய சொல்லணும்னு கண்டிஷனாச் சொல்லிருக்காவ."

பெரியம்மை யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து சாலையில் கறுப்புக் கண்ணாடி வளையல்கள் வாங்கித் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். வளைகாப்புக்கு அழைப்பு வரும் என்று மாசி முழுவதும் பார்த்தாள், பங்குனி முழுவதும் பார்த்தாள். வரவில்லை.

சித்திரைக் கடைசியில் பணகுடியிலிருந்து ஓர் ஆள் வந்தான். கடை வாசலிலேயே நின்றான்.

"சரோஜம் தவறிப்போச்சு. காய்ச்சல். காரியம்லாம் முடிஞ்சாச்சு."

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியம்மை உள்ளேயிருந்து வந்து அந்த ஆள் முன்னால் நின்றாள். விதவைகள் கடைப்பக்கம் வருவது வழக்கமில்லை.

"மாசமா இருந்தாளே. அவளுக்குக் காய்ச்சலா?"

"மாசமா? அப்படி ஒண்ணும் கேள்விப்படலையே. வழியிலயே..." என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

"எந்த வழியில?"

அவன் மாமாவைப் பார்த்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நட்டுவைத்த இரண்டு கல்லின்மேல் குறுக்கே ஒரு கல், ஆள் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு வருகிறவர்கள் இன்னொருவர் உதவியில்லாமல் சுமையை அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். இறக்கி வைக்காத சுமையோடு போனவளுக்கு, பிறர் சுமை அங்கே இறங்க இறங்கத் தன் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. அவள் உயிர் போன இடத்தில் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதற்கு மிக அருகில், நாலுபேர் நடக்கிற பாதையில். வைக்க வேண்டியவர்கள் புருஷன் வீட்டார். அவர்கள் வைக்கப் போவதில்லை என்பது பெரியம்மைக்குத் தெரிந்துவிட்டது. கல் வைத்தால் வயிற்றில் பிள்ளை இருந்தது ஊருக்குத் தெரியும். அதை மறைக்கத்தான் காய்ச்சல் என்கிறார்கள்.

வழியில் என்றால் பிறந்த வீட்டுக்கு வருகிற வழியாகத்தான் இருக்கும். தன் பெண் அதில் எந்த இடத்தில் செத்தாள் என்று தெரிய வேண்டும். அந்த இடத்தில் கல் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

"வண்டி கட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் போயி விசாரிச்சுட்டு வாறேன்" என்றாள்.

"என்னத்த விசாரிப்பே? அவங்க வீட்டுப் பொம்பளையை அவங்க எரிச்சாச்சு. அந்தப் பக்கத்துலேருந்து எனக்கு மொளகா வரவேண்டாமா?"

"மொளகா வரட்டும். நான் நடந்து போறேன்."

"அறுத்தவ ஒத்தைக்கு ரோட்டுல நடந்தா, விடிஞ்சு நான் எப்படிக் கடை திறக்க?"

"எப்பவும்போல நிரைப்பலகையை ஒவ்வொண்ணா எடுத்துத்தான் திறக்கணும்."

ஆனி பிறந்ததும் கிளம்பினாள். ஒரு சாக்கு மூட்டையில் அரிசி, சின்னப் பானை, மாற்றுச் சேலை, துணியில் சுற்றிய வளையல்கள். சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்து அதன்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் தலைச்சுமை எடுத்ததில்லை. கிள்ளிப்பாலம் வரை கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்களாம். "பாக்கட்டும், என் முதுகு நல்லாத்தான் இருக்கும்" என்று பிறகு சொல்லுவாள்.

கரமனை தாண்டி, பாலராமபுரம் தாண்டி நெய்யாற்றங்கரைக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப்பந்தல். அங்கே அம்மிணி என்ற மலையாளத்துப் பெண் வழிப்போக்கர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியம்மை மூட்டையை இறக்காமலே நின்று மோர் குடித்தாள்.

"ஒற்றைக்காணோ அம்மா? கூட ஆரும் இல்லே?" என்றாள் அம்மிணி.

"இருக்கு. தலையில."

அம்மிணி சிரித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். சித்திரையில் பணகுடியிலிருந்து வாயும் வயிறுமான பெண்ணோடு ஏதாவது வண்டி இந்த வழியே வந்ததா என்று பெரியம்மை கேட்டாள். இந்தப் பந்தலைத் தாண்டாமல் எந்த வண்டியும் போகாது, அப்படி ஒன்று வரவே இல்லை என்று அம்மிணி சத்தியம் செய்தாள். வண்டி இவ்வளவு தூரம் வரவில்லை என்பது அப்படித் தெரிந்தது. புறப்படும்போது அம்மிணி ஒரு புத்தி சொன்னாள். கல்லைக் கண்டால் சுமையை இறக்கு, ஆளைக் கண்டால் இறக்காதே. தலையில் சுமை இருக்கிற பெண்ணை வேலைக்காரி என்று விட்டுவிடுவார்கள். சுமையை இறக்கி வைத்து நிற்கிறவளிடம்தான் யார், எவர் வீடு, புருஷன் எங்கே என்று கேட்பார்கள்.

பெரியம்மை அதன்படியே நடந்தாள். பாறசாலை, குழித்துறை என்று ஒவ்வொரு சுமைதாங்கியாக மூட்டையை வைத்தாள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் இருப்பவரிடம் இது யாருக்கு வைத்த கல் என்று கேட்டாள். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. சில கற்களில் எழுத்து இருந்தது. அதில் வைத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர் எல்லாம் இருந்தது. யாருக்காக வைத்தாரோ அவள் பெயர் மட்டும் இல்லை. இன்னாருடைய மனைவி என்றுதான் இருந்தது. அதைப் படித்துப் படித்துத்தான் தனக்குக் கோபம் வந்தது என்பாள். அதுவரை துக்கம் மட்டும்தான் இருந்ததாம்.

இரவுக்கு வழியம்பலங்களில் படுத்தாள். தக்கலைக்கு அப்புறம் ஒரு மாட்டுவண்டி அவள் பக்கத்தில் வந்து மெதுவாயிற்று. ஓட்டியவன் ராஜையன். மயிலாடியில் கல்தச்சர்கள் செதுக்கிய ஆட்டுக்கல், அம்மியெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

"ஏறுங்கம்மா. காலி வண்டியாக்கும்."

"வேண்டாம்."

"கூலி கேக்க மாட்டேன்."

"அதுக்கில்ல. வண்டியில போனா மாட்டு முதுகுதான் தெரியும். எனக்கு ரோட்டுல இருக்கப்பட்ட மனுஷங்க மூஞ்சியைப் பாக்கணும்."

"மனுஷ மூஞ்சியில என்ன இருக்கு? என் மாட்டு மூஞ்சி அதைவிட லெட்சணம்" என்றான் ராஜையன். ஆனாலும் வண்டியை முன்னால் விடாமல் அவள் நடைக்குச் சமமாக ஓட்டினான். அவள் எல்லோரிடமும் கேட்டதை அவனிடமும் கேட்டாள்.  அவன், தனக்குத் தெரிந்த பணகுடி வண்டிக்காரன் ஒருவன் சித்திரையிலிருந்து கணவாய்க்கு அந்தப்பக்கம் ஒரு இடம் வந்தால் மாட்டை விரட்டிக்கொண்டு ஓடுகிறான் என்றான். என்ன என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. எந்த இடம் என்று ராஜையனுக்குத் தெரியாது. அவன் மயிலாடிக்குப் பிரியும் இடத்தில், "கல்லு கில்லு வேணும்னா நம்ம ஆசாரிகிட்ட வாங்கம்மா" என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் எல்லைச் சவுக்கை. வருகிற போகிற மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துத் தீர்வை போடுவார்கள். காவலிருந்த சிப்பந்தி அவள் மூட்டையை அவிழ்த்தான். அரிசிக்குள்ளிருந்து வளையல் பொதி வந்தது.

"இதென்ன? வளையல் யாவாரமா?"

"என் மகளுக்கு வளைகாப்பு."

அவன் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தான். வெறுங்கழுத்தைப் பார்த்தான். "வளைகாப்புக்கு நீங்களா போறிய? மக எங்க இருக்கா?"

"அதைத்தான் கேட்டுட்டுப் போறேன். உமக்குத் தெரியுமா?"

அவன் வளையல்களை எண்ணத் தொடங்கியிருந்தான். எண்ணுவதை நிறுத்தி, அப்படியே சுற்றி, அரிசிக்குள் திரும்ப வைத்து, மூட்டையைத் தானே தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டான். தீர்வை கேட்கவில்லை.

கணவாயில் ஆனிக்காற்று ஆளைத் தள்ளும். மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது என்பாள். எல்லையைத் தாண்டிய பிறகு அவள் ஒன்றைக் கவனித்தாள். வழியில் சுமைதாங்கியே இல்லை. உடைமரங்களும் செம்மண்ணும் காற்றும்தான். கழுத்து நரம்பு தெறித்தது. இறக்கினால் திரும்ப ஏற்ற ஆள் இல்லை. நடந்துகொண்டே இருந்தாள்.

எதிரே கருப்பட்டிக் கடகங்களைச் சுமந்துகொண்டு ஏழெட்டுப் பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். பனையேறிக் குடும்பத்துப் பெண்கள். முன்னால் வந்தவள் தாசம்மாள். உயரமானவள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"எறக்கணுமா ஆச்சி? பிடிக்கட்டா?" என்றாள் தாசம்மாள்.

"இந்த வழியில ஒரு கல்லுகூட இல்லியே?"

"இங்க எவ வயித்தோட செத்தா, கல்லு வைக்கதுக்கு?" என்று பின்னால் வந்தவள் ஒருத்தி சிரித்தாள். "செத்தாத்தான ஆச்சி நமக்கு எளைப்பாற எடம் கெடைக்கும்."

"வாயை மூடுளா" என்றாள் தாசம்மாள்.

சிரித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வீட்டிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து முதல்தடவையாக, "பிடி" என்றாள். தாசம்மாள் தன் கடகத்தை இன்னொருத்தி கைகொடுக்க இறக்கிவிட்டு, அவள் மூட்டையையும் இறக்கினாள்.

"அவ என் மக" என்றாள் பெரியம்மை. "சொல்லு."

தாசம்மாள் சொன்னாள். சித்திரை மாத நடுப்பகல். பணகுடிப் பக்கமிருந்து ஒரு கூண்டு வண்டி. உள்ளே ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வண்டிக்காரன் மட்டும். எட்டாம் மாசத்திலேயே வலி கண்டுவிட்டது. அந்த வேளையில் பிள்ளை பிறந்தால் வீட்டுத் தலைவருக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னாராம். அதனால் மாமனார் அவளைத் தூக்கி வண்டியில் போட்டு அம்மா வீட்டுக்கு விரட்டச் சொன்னாராம். இதெல்லாம் வண்டிக்காரன் அழுதுகொண்டே சொன்னது. புருஷன் எங்கே என்று இவர்கள் கேட்டதற்கு, வீட்டிலேயே திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் என்றானாம். கருப்பட்டிக்காரிகள் சுமையைப் போட்டுவிட்டு அவளை உடைமரத்தடியில் இறக்கிச் சேலைகளைப் பிடித்து மறைப்பு வைத்தார்கள். பிள்ளை வரவில்லை.

"தண்ணி கேட்டா ஆச்சி. நாங்க குடுக்கக் கூடாதுல்லா? எங்க கைத்தண்ணி உங்க ஆளுக குடிக்க மாட்டீயள்ளா. வண்டிக்காரன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். குடுத்துட்டேன். ரெண்டு மடக்குக் குடிச்சா. அம்மான்னு சொன்னா. அம்புட்டுத்தான். குடுத்தது தப்புன்னா வைதுட்டுப் போங்க."

அவள் இடுப்பில் சுரைக்குடுவை தொங்கியது.

"அதுலயா குடுத்தே?"

"ஆமா."

"தண்ணி இருக்கா?"

தாசம்மாள் தயங்கினாள். பெரியம்மை கையை நீட்டி வாங்கி, வாய்வைத்துக் குடித்தாள். பிறகு அந்த உடைமரம் எது என்று கேட்டாள். இருபது எட்டு தூரத்தில் இருந்தது. போய் அதன் அடியில் உட்கார்ந்தாள். அவள் அங்கே அழுதாளா என்று நான் கேட்டதில்லை. தாசம்மாளை நான் பின்னால் பார்த்தபோது அவளிடம் கேட்டேன். "காத்துல கண்ணுக்குள்ள மண்ணு விழுந்துச்சு, எல்லாருக்குந்தான்" என்றாள்.

அங்கிருந்து பெரியம்மை சம்பந்தி வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பிக் கணவாய் தாண்டி மயிலாடிக்குப் போனாள். ராஜையனின் ஆசாரி பழைய ஆள். உளியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"சுமைதாங்கி. சரி. யாரு வைக்கா? மருமகப் பிள்ளை பேரா, உங்க அண்ணன் பேரா?"

"என் பேரு."

"பொம்பள பேருல நான் வெட்டினதில்லியே."

"நான் பெத்ததும் பொம்பளதான். அவளுக்குத்தான் கல்லு. அவ பேரை முதல்ல வெட்டும். சரோஜம். அதுக்குக் கீழ, சிவகாமி மகள். வேற ஒண்ணும் வேண்டாம்."

"புருஷன் பேரு?"

"அதுக்கு எடம் இருக்காது."

காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். ஆசாரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்லைத் தேர்ந்தெடுக்க எழுந்தார். வேலை முடியும்வரை அவள் மயிலாடி அம்மன் கோயில் மண்டபத்தில் பொங்கித் தின்று படுத்திருந்தாள்.

கல் செதுக்குகிற சத்தத்தைவிடச் செய்தி வேகமாகப் பணகுடிப் பக்கம் போய்விட்டது. கல்லைக் கொண்டுவந்தால் கடப்பாரையோடு வந்து பிடுங்கிப் போடுவேன் என்று சம்பந்தியார் சொன்னதாக ராஜையன் கேட்டுவந்தான். ஆசாரி நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள் பெரியம்மை.

"செவ்வாய் ஆகாது ஆச்சி."

"செவ்வாய் ராகுகாலம். சாயங்காலம்."

ஆசாரி பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். "நான் வரமாட்டேன். ராகுகாலத்துல நான் உளியைக்கூடத் தொடமாட்டேன்."

"நீர் தொடாண்டாம். உம்ம கல்லுக்கு வண்டி ஓட்டுறவன் தொடுவான்."

ராஜையன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் போகணும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, ராகுகாலம் பிறந்ததும், வண்டி உடைமரத்துக்கு வந்தது. சொல்லிவைத்தபடி தாசம்மாளும் மற்றப் பெண்களும் கடகங்களோடு வந்திருந்தார்கள். ராஜையன் குழி வெட்டினான். தூரத்தில் ஒரு இடிந்த மண்டபம் இருந்தது. அதில் சம்பந்தியார் வந்து உட்கார்ந்திருந்தார். நாலைந்து ஆட்கள், கையில் கடப்பாரை. பின்னால் அழகியநம்பி. சம்பந்தியார் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ராகுகாலத்தில் தொடங்கிய சண்டை தோற்கும் என்பது அவர் நம்பிக்கை. வாயைத் திறந்து ஒரு வசவு வைதால்கூடச் சண்டையைத் தொடங்கினதாகிவிடும் என்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கட்டும். நாலரை மணிக்குத்தான் அவருக்கு உயிர் வரும்" என்றாள் பெரியம்மை.

குழி ஆனதும் அவள் வளையல் பொதியை அவிழ்த்தாள். ஒரு கைக்கு வேண்டியதை எடுத்துக் குழிக்குள் வைத்தாள். மிச்சத்தை எடுத்துக்கொண்டு தாசம்மாளிடம் வந்தாள்.

"கையை நீட்டு."

"எனக்கெதுக்கு ஆச்சி?"

"வளைகாப்புன்னா வந்த பொம்பளைகளுக்கும் வளையல் உண்டு. தெரியாதா?"

தாலி அறுத்தவள் யாருக்கும் வளையல் போடக் கூடாது. ராகுகாலத்தில் போடவே கூடாது. நடுரோட்டில், பனையேறிப் பெண்களுக்கு, கையைப் பிடித்து அவள் போட்டுவிட்டாள். கருப்பட்டிப் பிசுக்கில் வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது. முன்பு வேடிக்கையாகப் பேசியவள்தான் முதலில் அழுதாள். ராஜையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லை நிமிர்த்தினான். பெண்கள் எல்லோரும் தோள்கொடுத்துக் குறுக்குக் கல்லை மேலே ஏற்றினார்கள். அது இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்ததும் தாசம்மாள் தன் கடகத்தை அதன்மேல் தள்ளினாள். இன்னொருத்தி இன்னொரு பக்கம் தள்ளினாள்.

அப்போதுதான் சம்பந்தியார் கடிகாரத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

"யாரைக் கேட்டு இங்கக் கல்லு நட்டே? அவ எங்க வீட்டு மருமக."

"மருமகன்னா வீட்டுல வச்சிருக்கணும். வண்டியில ஏத்தியாச்சுல்லா, அப்பவே அவ எங்க வீட்டுக்குப் பொறப்பட்டவ."

"காய்ச்சல்ல செத்தவளுக்குச் சுமைதாங்கி வைக்க ஊருல எங்கயாவது உண்டுமா?"

"அப்ப இது வெறுங்கல்லு. வெறுங்கல்லுக்கு எதுக்குக் கடப்பாரை?"

"இது ஜில்லா போர்டு ரோடு. உத்தரவில்லாம நட்டிருக்கே. நாளைக்கே எழுதிப் போடுவேன்."

"போடுங்க. தாலுகா கச்சேரியில எதுக்கு வச்ச கல்லுன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க. சாட்சிக்கு இவங்க எட்டுப் பேரும் வருவாங்க. உங்க வண்டிக்காரனும் வருவான்."

சம்பந்தியார் ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஒருவன் கடப்பாரையோடு இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றான்.

"சுமை இருக்கு பாட்டா" என்றான்.

"எறக்கிட்டுப் பிடுங்குலே."

"வச்ச சுமையை எறக்கிட்டுக் கல்லப் பிடுங்கினா அந்தச் சுமை நம்ம தலைக்கு வரும்னு சொல்லுவாவ. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா." அவன் கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

சம்பந்தியாருக்கும் அந்தச் சொல் தெரியும். தெரியாததுபோல் நின்றார். அதுவரை மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அழகியநம்பி, "எட்டு மாசம்ப்பா" என்றான். அவ்வளவு பேர் முன்னிலையில், காற்றில் பாதி அடித்துப்போன குரலில்.

பெரியம்மை அவன் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு எண்ணத் தெரியுது. அவளை வண்டியில ஏத்தினன்னைக்கு எண்ண வரலியா?"

 அவனை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை. அவன் பிறகு இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதும், சில வருஷம் கழித்துக் கடைக்கு வந்து நின்றதும், அவள் உள்ளேயிருந்தே "மொளகா அளந்து குடுத்து அனுப்புங்க" என்றதும் வேறு கதை.

அவர்கள் திரும்பிப் போன பிறகும் பொழுது அடையும்வரை கருப்பட்டிக்காரிகள் கல்லைவிட்டு நகரவில்லை. ஒரு சுமை எடுத்தால் இன்னொரு சுமை வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் பனங்காட்டிலிருந்து வேறு ஆட்கள் வந்து வைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் கல் வெறுமையாக இருந்த நேரம் இல்லை என்று ராஜையன் சொல்லுவான். அதற்கப்புறம் அதைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

பெரியம்மை நடந்தே திரும்பினாள். இந்தத் தடவை தலையில் மூட்டை இல்லை. நெய்யாற்றங்கரைப் பந்தலில் அம்மிணி, "சுமை எவிடே?" என்று கேட்டாளாம். "வச்சாச்சு" என்றாளாம் இவள்.

சாலைக்கு வந்தபோது மாமா கடையில் இருந்தார். அவளைப் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ கேட்பதுபோல் திரும்பிக்கொண்டார். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளும் போய்ப் பேசவில்லை. மிளகாய் வரவு நின்றுபோயிருந்தது. வெற்றுக் காதோடு அவள் வீட்டுக்குள் நடமாடுவதை அவர் தினமும் பார்த்தார்.

ஆவணியில் சம்பந்தியாரே நேரில் வந்தார். நல்ல வேளை பார்த்துத்தான் வந்திருப்பார். கடை வாசலில், நாலுபேர் கேட்கும்படி, உம்ம தங்கச்சி எங்க குடும்பத்து மானத்தை ரோட்டில் நட்டுவைத்திருக்கிறாள், அந்தக் கல்லை நீரே வந்து எடுக்க வேண்டும், எடுத்தால் பழையபடி மிளகாய் அனுப்புகிறேன் என்றார். பெரியம்மை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா என்ன சொல்வார் என்று அவளுக்கும் தெரியாது.

மாமா எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"அது எங்க வீட்டுக் கல்லு" என்றார். "ஓமக்குச் சுமை ஏதும் இருந்தா, போற வழியில வச்சுட்டுப் போம்."

அதன்பிறகு எங்கள் கடைக்கு மிளகாய் வேறு ஊரிலிருந்து வந்தது. விலை கூடுதல். மாமா அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வருஷம் தவறாமல் ஆனியில் பெரியம்மை கணவாய்க்கு நடந்தாள், முட்டி ஒத்துழைத்தவரை. அவள் கிளம்புகிற நாள் காலையில் மாமா தானே எழுந்து நிரைப்பலகைகளை எடுத்துவைப்பார்.

காரியம் முடிந்து நான் அங்கே போனேன். பஸ்ஸில்தான் போனேன், நடந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பணகுடி ரோட்டில் இறங்கி நின்றேன். உடைமரம் இப்போது இல்லை. கல் இருக்கிறது. மேல்பக்கம் கருப்பட்டிப் பிசுக்கில் கறுத்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறது. சரோஜம். சிவகாமி மகள்.

கடகத்தோடு வந்த ஒரு பெண், நான் மறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எறக்கணும்" என்றாள். தள்ளி நின்றேன்.